மகஜர்: ஐம்பத்தெட்டு வெள்ளிக்காசு

காங்கேயத்துக்குக் கிழக்கே, மொட்டக்கரட்டில்,
உயர்மின் கோபுரத்துக்குக் குழி எடுத்தபோது
பொக்லைன் பல்லில் சிக்கி உடைந்தது பானை.
மூன்றாவது காலுக்கான குழி.
நான் அளந்து, நான் சுண்ணாம்பு போட்ட இடம்.

சிதறியவை ஆட்டுப் புழுக்கை மாதிரி இருந்தன,
கறுத்து, மண் அப்பி.
டிரைவர் ஞானப்பிரகாசம் ஒன்றை எடுத்துச்
சட்டையில் தேய்த்தான்.
ஒரு மூக்கு தெரிந்தது.

தாசில்தார் வரப் பொழுதாகும் என்றார்கள்.
வி.ஏ.ஓ. விடுப்பு. ஆகவே எழுதுவது
நில அளவர் திலகமணி, நான்.

வரிசை எண் ஒன்று. வெள்ளி. வட்டம், முழுவட்டமில்லை.
முன்பக்கம்: ஆண் தலை, வலப்பக்கம் பார்க்கிறது,
இலைமாலை, பிடரியில் நாடா முடிச்சு.
சுற்றிலும் எழுத்து. போனில் தேடிப் படித்தேன்:
தெய்வமாகிவிட்ட தகப்பனின் மகன்.
பின்பக்கம்: நாற்காலியில் ஒரு பெண், கையில் கிளை.
அவள் யாரென்று காசு சொல்லவில்லை.
அவளைச் சுற்றியும் அவனுடைய பட்டம்தான்:
தலைமைப் பூசாரி.

அவன் ஊரில் ஒரு மன்றம் இருந்ததாம், அறுநூறு பேர்.
மன்னன் என்ற சொல்லே அவர்களுக்கு ஆகாதாம்,
அதனால் இவனை முதல் குடிமகன் என்றார்களாம்.
மன்றம் கூடும், பேசும்,
இவன் முகத்தைப் பார்க்கும், கை தூக்கும்.
எங்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஞாபகம் வந்தது.
பந்தல், பிஸ்கட்,
கையெழுத்து வாங்கிய பிறகு கேட்ட கருத்து.

பிடித்த நாட்டுக்குள் முதலில் படை போகும்.
பின்னாலேயே என்னைப் போல ஒருத்தன்
கோலும் தூக்குக்குண்டுமாகப் போவான்.
குன்றோ கோயிலோ கொள்ளுக்காடோ,
நேர்கோடு நேர்கோடுதான்.
சதுரம் சதுரமாய்க் கிழித்து
ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்குப் பங்கு வைப்பான்.
இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு
அவன் படத்தில் கட்டம் இல்லை.
என் படத்திலும் இல்லை.

தெய்வாத்தாள் வந்தாள். காட்டுக்காரி.
வரப்பில் படுத்து மறித்துப் போலீஸ் வேனில் போய்வந்து
மூன்று மாதமாய் என்னோடு பேசாதவள்.
ஒரு காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.
“ஏனுங் மேடம், இந்தாளும்
கம்பி இழுக்க வந்தவனுங்களா?”

இல்லீங்க, இவன் வரவே இல்லை என்றேன்.
படை வரவில்லை, கோல்காரனும் வரவில்லை.
அவன் எல்லைக்கல் எங்கோ பாலைவனத்தில் நின்றுவிட்டது.
முகம் மட்டும் வந்தது,
பருவக்காற்றில் கப்பலேறி,
பாலக்காட்டுக் கணவாயில் வண்டியேறி,
படியூர்க் கல்லுக்கு விலையாக.
கடல் நிறத்தில் ஒரு கல், அவன் ஊர்ச் சீமாட்டி விரலுக்கு.
(தோண்டியவன் கைக்கு இதில் எத்தனை வந்ததோ.
பானை ஒருத்தருடையதுதான்.)

“அப்ப நம்மகிட்ட வாங்கித்தான் போயிருக்கான்.”
“ஆமாங்க.”
“கேட்டு வாங்கியிருக்கான்.”
நான் பேனாவைப் பார்த்துக்கொண்டேன்.

வரிசை எண் பதினேழு: முகத்தில் வெட்டு.
உளி வைத்து, காதிலிருந்து தாடைவரை.
பதினெட்டிலும். இருபத்திரண்டிலும்.
முதலில் ‘சேதம்’ என்று எழுதினேன்.
அடித்துவிட்டு ‘வெட்டு’ என்று எழுதினேன்.
ஏனென்று நிச்சயமாய் யாருக்கும் தெரியாதாம்.
உள்ளே செம்பா என்று பார்த்திருக்கலாம்.
இல்லை, நொய்யல் கரையில் எவனோ ஒருத்தன்
உன் அதிகாரம் இங்கே செல்லாது, வெள்ளி செல்லும்
என்று நிதானமாய்ச் சொல்லியிருக்கலாம்.

ஐம்பத்தெட்டு. எண்ணி, மூட்டை கட்டி, அரக்கு வைத்து,
ஜீப்பில் கருவூலத்துக்குப் போயிற்று.
தெய்வாத்தாள் ரசீது கேட்டாள்.
புத்தகம் கொண்டுவரலை என்றார் தாசில்தார்.

மறுநாள் விடிய மறுபடி போனேன்.
அரசு அம்புக்குறி செதுக்கிய என் அளவுக்கல்
அதே இடத்தில்தான் இருந்தது.
அம்பின் குறுக்கே ஒரு உளிவெட்டு, புதுசு,
கல்மாவுகூட இன்னும் பறக்கவில்லை.
அக்கட்டால தெய்வாத்தாள்
எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள்.

புலப்படத்தின் குறிப்பில் எழுதினேன்:
கல் சேதம்.
எருமை உரசியிருக்கலாம்.